பழைய ஆணியில் தொங்கிய சாவி

முதலாளி என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு மனுஷன் வயிற்றில் அடிக்கலாம். என் இளைய மகளின் புருஷனுக்கு அதைத்தான் செய்தார்கள். யார் வந்து என்ன சமாதானம் சொன்னாலும் நான் ஆறப்போவதில்லை.

லாரி ஷெட்டில் மாப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் ‘பிரேக்கு’. பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் காலை டீ கூடக் குடிக்கமாட்டார். கல்யாண மேடையில் ஏறும் முன்பே பலகையை ஒரு மிதி மிதித்துப் பார்த்தவர் என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். பொய்யில்லை, நானே பார்த்தேன்.

இருபது வருஷம் போல அந்தக் கம்பெனி வண்டியை ஓட்டினார். சிமென்ட் ஆலையோடு கம்பெனிக்கு ஒப்பந்தம் இருந்ததால் பாரம் தானாக வரும். பிறகு காலம் புரண்டது. பாரம் அனுப்புகிறவர்கள் போனிலேயே வாடகை கேட்க ஆரம்பித்தார்கள். எவன் குறைத்துச் சொல்கிறானோ அவனுக்குப் பாரம். வண்டி ஓடாத நாளுக்கும் டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனிக்குக் கசந்தது. ஒரு நாள் மேலாளர் எல்லோரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். சும்மா கிடைத்த டீ என்றதுமே எழுந்து வந்திருக்க வேண்டும்.

“இனிமே நீங்க டிரைவர் இல்ல, முதலாளி. ஓட்டுன வண்டியவே தவணைல எடுத்துக்குங்க. இஷ்டம்னா பாரம் எடுங்க, இல்லன்னா வீட்ல தூங்குங்க” என்றாராம்.

பாலையெல்லாம் கறந்துவிட்டு, மாடு கிழமானதும் ‘இந்தா, உனக்கே வைத்துக்கொள்’ என்பது போலத்தான். டீசல் மாப்பிள்ளையுடையது, டயர் மாப்பிள்ளையுடையது, காய்ச்சல் வந்து படுத்தால் அந்த நாளும் இவருடையது. கதவில் மட்டும் கம்பெனிப் பெயர் அழியக்கூடாதாம். பெயர் அவர்களுக்கு, பஞ்சர் நமக்கு.

மாப்பிள்ளையோ சந்தோஷப்பட்டார். வண்டியைக் கழுவித் துடைத்து, என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றி வந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிகிறது.

சில மாதம் போனது. ஒரு முறை மலை இறக்கத்தில் பிரேக் மிதி தளர்ந்து, வண்டி இடது பக்கம் இழுத்தது. எப்படியோ மெல்ல உருட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். இருபது வருஷப் பழக்கம் விடுமா? பட்டறை ஓரம் நிறுத்தி, முன் கண்ணாடியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, சாவியைப் பட்டறைச் சுவரில் இருந்த பழைய ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார். குறி போட்ட வண்டியைப் பட்டறை பார்த்துக்கொள்ளும், அதுதான் அங்கே வழக்கம்.

இரண்டு நாள் கழித்துப் போனால் வண்டி போட்டது போட்டபடி நிற்கிறது. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “அண்ணே, இது இப்ப உங்க வண்டிண்ணே. நான் கை வச்சா என் வேலை போயிடும்.”

முதலில் மாப்பிள்ளை சிரித்தாராம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே நிற்கும்போதே மேலாளர் போனில் வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் இரும்புக் கம்பி போக வேண்டும், உடனே கிளம்பு என்றார். பிரேக் சரியில்லை என்று இவர் சொன்னார். அதற்கு அந்தப் புண்ணியவான் குரலை உயர்த்தாமல் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“வண்டி உங்களுது. ஓட்டுறதா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா இன்னைக்கு எடுக்கலன்னா பாரம் குடுக்குற லிஸ்ட்ல உங்க பேரு கடைசிக்குப் போயிடும், அவ்ளோதான்.”

பார்த்தீர்களா? தள்ளிவிடவும் செய்வான், கையில் அழுக்கும் படாது.

சாவியைக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலில் வந்து நின்றார். தவணை நாள் நெருங்கியிருந்தது. மெதுவாக மிதித்துப் போனால் போய்விடலாம் என்று அவர் வாயே சொன்னது. என் மகள் துணி உதறிக்கொண்டிருந்தாள். “போகட்டுமா?” என்று அவளிடம் கேட்டார்.

“ஷெட்ல உங்கள எல்லாரும் என்னன்னு கூப்பிடறாங்க?”

“பிரேக்குன்னு.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?” என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அவர் போகவில்லை. வேறொருவன் அந்தக் கம்பியை ஏற்றிப் போய் நல்லபடியாகத் திரும்பி வந்து, எங்கள் வாசலில் ஹாரன் வேறு அடித்தான். மேலாளர் சொன்னபடியே மாப்பிள்ளையின் பெயர் கடைசிக்குப் போனது. வாரக்கணக்கில் போன் ஊமையாகக் கிடந்தது. மெக்கானிக் தன் லீவு நாளில், கம்பெனிக்குத் தெரியாமல், எங்கள் தெருமுனையில் வைத்து பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தான். அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும். அதன்பிறகு மாப்பிள்ளை மரக்கடை, தீவனக்கடை என்று தானே படியேறி, கிடைத்த சில்லறைப் பாரத்தை ஓட்டினார். தவணை இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றுதான் போகிறது. அதை மறைக்க மாட்டேன்.

இப்போது வண்டி தட்டுப்பாடு வந்தால் கம்பெனி கூப்பிடுகிறது. இவரும் போகிறார், வயிறு இருக்கிறதே. ஆனால் பிரேக் பார்த்த பிறகுதான் கிளம்புவேன் என்கிறார். அதற்காகப் பெயர் மறுபடி கீழே போகிறது. போகட்டும்.

முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது, ஷெட்டுக்குப் போனவர் அந்தப் பழைய ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வாசல் நிலையில் நானே பிடித்துக்கொள்ள, அவர் அடித்தார். சாவி இப்போது அங்கேதான் தொங்குகிறது. ஆணி கம்பெனிச் சொத்து என்று யாராவது கேட்டு வரட்டும். வாசலில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.