கிணற்றுச் சுவரில் நத்தைகள்

பிள்ளைகளே, செம்பூர் வீட்டுக் குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தால் மடமடவென்று குடித்துவிட்டு ஓடிவிடுகிறீர்கள். நான் மட்டும் டம்ளருக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடிப்பேன். அதைக் கண்டு சிரிக்கிறீர்கள். ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

உங்களில் பெரியவன் இடுப்பை விட்டு இறங்காத வயதில் நாங்கள் தாராவியில் இருந்தோம். முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வந்தால்தான் உண்டு. மற்றபடி எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே கிணறு. கொசுப் புழுவைத் தின்பதற்காக மலேரியாக்காரர் அதில் கப்பி மீன்களை விட்டிருந்தார். அவர் விட்டது கொசுவுக்காக. நாங்களோ அதைத் தண்ணீருக்குச் சாட்சியாக்கிக்கொண்டோம். வாளியை இறக்குமுன் எட்டிப் பார்ப்போம். மீன் ஓடினால் தண்ணீர் நல்லது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஒரு பெருமழையில் பக்கத்துச் சந்தில் தோல் பட்டறைக் கழிவு ஓடும் கட்டர் என்கிற சாக்கடை உடைந்து, கிணற்றடியில் வந்து தேங்கியது. கொஞ்ச நாளில் பெரியவனுக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சிய தண்ணீர்தான் கொடுத்தோம், நிற்கவில்லை. பிள்ளைக்குக் கண் குழிவிழுந்து போயிற்று. டாக்டர் மருந்து கொடுத்து, முதலில் தண்ணீரை மாற்றுங்கள் என்றார். மீன் நன்றாகத்தானே ஓடுகிறது என்றேன், உங்கள் அம்மாவிடம்.

"மீனு ஓடட்டும். நத்தைய எங்க? தண்ணிக்குள்ள செவத்துல அப்பிக் கெடக்குமே, இப்ப எல்லாம் மேல ஏறிக் காஞ்சு கெடக்கு. தண்ணி மேல ஓடுத பூச்சியும் இல்ல. நீங்க மீன மட்டுந்தான் பாக்கிய."

குடத்துத் தண்ணீரைச் சாய்த்து அடியைக் காட்டினாள். நூல்போலச் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன.

நான் பட்டறைப் பின்பக்கம் போனேன். சுண்ணாம்பும் மயிரும் மிதந்த அந்தக் கறுப்புத் தண்ணீரில் அதே கப்பி மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. இங்கேயும் பிழைத்துக் கிடக்கிற மீனையா நம்பிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தோம்?

நாலைந்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, கிணற்றுக் கயிற்றையும் ராட்டினத்தையும் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சியிடம் போனேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான வே ஓடுது?"

"இது கட்டர்ல புடிச்சது, அண்ணாச்சி."

அண்ணாச்சி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "வெளிய சொல்லிராத. முனிசிபாலிட்டிக்காரன் கெணத்த மூடிட்டாம்னா இத்தன வீட்டுக்கும் நீயா மாட்டுங்காவுல இருந்து தண்ணி சொமப்ப?"

மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த மளிகைக் கடையில் குழாய் இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு டின் தண்ணீர் சுமக்கலாம். வரிசை முழுக்க எப்படிச் சுமப்பது? பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அன்றிலிருந்து டின்னில் தண்ணீர் கொண்டுவந்தேன். கவர்னர் வீட்டுத் தண்ணி வருது, வழிவிடுங்க என்று கேலி பேசினார்கள். கேலி பேசிய வீட்டிலிருந்தே பிள்ளைக்கு ஒரு டம்ளர் கேட்டும் வந்தார்கள். பெரியவன் மெல்லத் தேறினான். அண்ணாச்சியும் சும்மா இருக்கவில்லை; ஆட்களைக் கூட்டிக் கட்டரை அடைத்தார், கிணற்றை இறைத்தார். மறுபடி மீன் விட்டார்கள். மறுபடி எல்லோரும் குடிக்கத் தொடங்கினார்கள். இன்னும் என்ன டின், மீன்தான் ஓடுகிறதே என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரக்குக் கொடுக்கச் செம்பூர் போனபோது, அங்கே ஒரு குளத்தில் கொஞ்சம் நத்தைகளைப் பொறுக்கி ஈரத்துணியில் முடிந்து வந்தேன். ஓட்டை போட்ட டப்பாவில் அவற்றைப் போட்டு, பாதி முங்கும்படி கிணற்றுக்குள் கட்டித் தொங்கவிட்டேன். விடிந்தும் விடியாததுமாகப் போய்த் தூக்கினேன். ஒன்றுகூடத் தண்ணீருக்குள் இல்லை. எல்லாம் மேலே ஏறி, டப்பா விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன.

கிணற்றடியில் ஆள் நடமாட்டமில்லை. கயிற்றை எடுக்க அண்ணாச்சி முதலில் கைவைக்கிற இடத்தில் அந்த டப்பாவை அப்படியே வைத்துவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தேன்.