ஆறு மணிக் கொடுவா

பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்தவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘ரைட் டைம்’. இருபத்தாறு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட அவர் ஒரு நிமிஷம் தாமதமாக வாசலைத் தாண்ட விட்டதில்லை. டீ கிளாஸோடு நிற்கிற கண்டக்டரைப் பார்த்து அவர் விசில் அடித்தால், எவ்வளவு சூடான டீயும் ஒரே மடக்கில் உள்ளே போய்விடும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இருந்த ஒரே பைத்தியம், ஆறு கடலில் சேருமிடத்தில் தூண்டில் போட்டுக் கொடுவா மீன் பிடிப்பது. அதையும் டியூட்டி மாதிரிதான் பார்த்தார். மாட்டிய ஒவ்வொரு மீனையும் நேரத்தோடு நோட்டில் எழுதினார். மூன்று வருஷத்தில் பத்தொன்பது மீன், அத்தனையும் காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில். கொடுவாவுக்கு ஆறு மணிதான் டைம் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

மனைவியின் அண்ணன்தான் மசியவில்லை. போன தடவை அவர் சாப்பிட வந்தபோது, “நானே பிடிச்சது” என்று ரைட் டைம் தூக்கிக் காட்டிய மீனின் செவுளிலிருந்து ஐஸ் துண்டு விழுந்து மானம் கப்பலேறியது. அன்று முதல் ‘மார்க்கெட் மீனவர்’ என்ற பட்டம் வேறு. இவர் சும்மா இருந்திருக்கலாம். “வர்ற ஞாயித்துக்கெழம பிடிச்சுக் காட்டலேன்னா என் தூண்டிலை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க, மச்சான்” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தினமும் துடைத்து வைக்கிற தூண்டில் அது.

ஞாயிறு விடியற்காலை மனைவியும் கூடவே வந்தாள். ஐந்தரை ஆனது, ஆறு ஆனது, ஒரு பொடி மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆறு முப்பத்தொன்றுக்கு ரைட் டைம் தூண்டில் நரம்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“என்ன, கிளம்பிட்டீங்க?”

“டைம் முடிஞ்சிருச்சு.”

“ஏழு மணிக்கு எப்பவாவது போட்டுப் பார்த்திருக்கீங்களா?”

“ஏழு மணிக்கு டியூட்டி. எப்படிப் போட முடியும்?”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூன்று வருஷமாக நோட்டில் எழுதி வைத்தது தான் வந்து போன நேரத்தைத்தான், மீனுடைய நேரத்தை இல்லை. முகத்தில் அசடு வழிந்தது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்றைக்கு லீவுதான்; மறுபடி தூண்டிலைப் போட்டார். ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தரம் கண் கைக்கடிகாரத்துக்குப் போனது. பொறுத்துப் பார்த்த மனைவி அதைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரைட் டைமுக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. வெயில் முதுகில் ஏறியது. இருவரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்று ஊர்க்கதை பேசினார்கள்.

“அங்க பாருங்க. இவ்வளவு நேரம் கடலுக்குப் போன சருகெல்லாம் இப்ப திரும்பி வருது” என்றாள் அவள்.

கடல் ஏறித் தண்ணீர் திரும்பிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தூண்டில் வில்லாக வளைந்தது. இருவருமாக இழுத்துப் போட்ட கொடுவா முழங்கை நீளம் இருந்தது. தூண்டில் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்ததால் நரம்பை அறுக்க வேண்டியதாயிற்று.

மதியம் சாப்பாட்டு மேஜையில் மச்சான் மெதுவாக ஆரம்பித்தார். “எத்தனை மணிக்கு மாட்டுச்சு, மாப்ளே?”

“தெரியல, மச்சான்.”

“ரைட் டைமுக்கு டைம் தெரியலையா! அப்ப இது சத்தியமா கடை மீன்தான்” என்று மச்சான் எழுந்துபோய் மூலையில் இருந்த தூண்டிலைக் கையில் எடுத்தே விட்டார்.

மனைவி சமையலறையிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். தட்டில், வெட்டி எடுத்து வைத்திருந்த மீன் தலை. அதன் தொண்டைக்குள், அவள் கணவர் பச்சை நூல் சுற்றிக் கட்டுகிற அதே முள். மச்சான் கையிலிருந்த தூண்டிலோடு கட்டியிருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார்; அதேபோல இன்னும் பத்து முள் இருந்தன. அவர் தூண்டிலை மூலையில் வைத்துவிட்டு வந்து, “அந்த நடுத்துண்டை இப்படித் தள்ளும்மா” என்றார்.

மச்சான் போன பிறகு ரைட் டைம் நோட்டைப் பிரித்தார். இருபதாவது மீன். நேரம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, “வாட்ச் அவளிடம் இருந்தது” என்று எழுதினார்.