இமயமலையை நீவிய கை

எங்கள் பனியன் கம்பெனிக்கு எதிரே இருக்கும் பள்ளியின் அறிவியல் டீச்சர் அவர். மூக்குக் கண்ணாடியில் எப்போதும் சாக்பீஸ் தூள். வாரந்தோறும் வெட்டி மிஞ்சிய துண்டுத்துணி கேட்டு வருவார்.

"எதுக்குங்க டீச்சர்?" என்றேன் ஒருநாள்.

"வகுப்புக்கு வந்து பாருங்கண்ணா."

போனேன். மேசைமேல் கலர் கலராகத் துணிகளை அடுக்கினார். "இதெல்லாம் பாறை அடுக்கு, கண்ணுகளா. கோடிக்கணக்கான வருசமா ரெண்டு பக்கமிருந்தும் நிலம் நெருக்குச்சு." இரு கைகளாலும் நெருக்கினார். துணி நடுவில் மடிந்து எழும்பியது. "இமயமலை!"

நான் கட்டிங் மாஸ்டர். சுருக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? சட்டென்று நீவிவிட்டேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "ஏனுங்கண்ணா, இமயமலையையே காணாமப் பண்ணிட்டீங்களே!" என்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் துணியில் சுருக்கம் விழுந்தால், ஒரு நொடி மலையைப் பார்த்துவிட்டுத்தான் நீவுகிறேன்.