கப்பலில் இறந்த குழந்தையின் பாட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உடுக்கைப் பாட்டில் பின்பாட்டுக்காரி. முன்பாட்டுப் பாடிய அக்கா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ரங்கூனில் பிறந்தவர். அங்கே கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்து, ஆதம்பாக்கத்தில் குடியிருந்தார்.

மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாளில் எங்களைக் கூப்பிடுவார்கள். அக்கா ராஜாக்களின் கதை சொல்லமாட்டார். கடல் தாண்டிய பெண்களின் கதைதான். தோட்ட வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், கப்பல் தட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள். கப்பல் தட்டில் தண்ணீர்க் குழாய்க்கு நடந்த சண்டையை அவர் உடுக்கை தட்டிச் சொன்னால், குடம் தூக்கிப் பழகிய மந்தைவெளிப் பெண்கள் சிரிப்பார்கள். அடுத்த வரியிலேயே அழுவார்கள்.

எல்லோரும் கேட்டு வாங்கும் கதை ஒன்று உண்டு. பிறந்து மாதம்கூட ஆகாத பெண்குழந்தை கப்பலில் காய்ச்சலில் இறந்துபோகிறது. சொன்னால் கடலில் போட்டுவிடுவார்கள் என்று தாய் யாரிடமும் சொல்லவில்லை. மெட்ராஸ் மண்ணில் புதைத்துவிடலாம் என்று சேலைக்குள் வைத்துக்கொண்டு, பால் கொடுப்பதுபோல உட்கார்ந்திருக்கிறாள். ‘மண்ணு தெரியலையே, மகளே, மண்ணு தெரியலையே’ என்று அக்கா பாடுவார். வரியின் கடைசியை வாங்கி நான் பாடுவேன். கரை தெரிவதற்கு முன்பே கப்பல்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓர் ஆடியில் மந்தைவெளியில் அந்தக் கதையைப் பாடி முடித்து உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தோம். கூழ் வாங்கிய தூக்குச்சட்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

“அது என் பொண்ணு” என்றாள்.

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அவரும் அதே கப்பலில் வந்தவர்தான். ஆனால் தட்டின் மறுகோடியில் இருந்தார். தாயின் முகத்தைப் பார்த்ததில்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் பாட்டாக்கியிருந்தார்.

“தப்பா எதனா சொல்லிட்டேனாம்மா?”

“இல்ல. எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. அதான் தாங்கல. எங்க வீட்டுக்காரரு அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல. இங்க ஜனங்க அழுதுட்டு, நல்லா இருந்திச்சுன்னு சொல்லிக்கினு போறாங்க. பாடாதீங்கக்கா.”

அக்கா சரி என்றார். அந்தக் கதையை அவர் மறுபடி பாடவே இல்லை.

அடுத்த வருஷம் கோயில் கமிட்டிக்காரர் கேட்டார்: “இன்னாக்கா, கப்பல் கொயந்த கதை கீதுல்ல? அதுக்குத்தான் கூட்டம் வருது.”

“அது இல்ல நைனா. வேற சொல்றேன்.”

அவர் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மற்றக் கோயில்களின் அழைப்பும் ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று. நின்றது அவர்களால் மட்டுமல்ல. கிடைத்த கடைசி மேடையில், தட்டில் பிள்ளை பெற்றவளின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். “இவளும் எங்கேயாவது உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பாளோ?” என்றார். மேற்கொண்டு அவரால் பாட முடியவில்லை.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள்; கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். குரல் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் அந்தப் பெண் ஆதம்பாக்கத்து வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் நெற்றியில் பொட்டு இல்லை.

“அப்படி ஒரு பொண்ணு இருந்தான்னு தெரிஞ்ச ஆளு எங்க வீட்டுக்காரரு ஒருத்தர்தான். வாயத் தொறக்கமாட்டாரு, ஆனா தெரியும். இப்ப எனக்கே சந்தேகமா கீது. ஒரு தபா பாடுங்கக்கா.”

அக்கா மறுக்கவில்லை. உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. நீ பாடு என்று எனக்குக் கை காட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிகளின் கடைசிதான். தெரியலையே, தெரியலையே என்று பாடினேன். நடுவில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

“போதும்மா” என்றாள் அவள்.

குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டுவிட்டேன்.

“வைக்கல. மெட்ராஸ் வந்து வெச்சிக்கலாம்னு இருந்தோம்.”

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அந்த மார்கழியில் அக்கா இறந்தார். சேதி சொல்ல மந்தைவெளியில் அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை.