பின்வாசலில் வந்த மடவை மீன்

திருவொற்றியூரில் தொழிற்சாலைக்கு எதிரே நான் சாப்பாட்டுக்கடை நடத்திய அறுபதுகளின் கடைசியை நினைத்தால், விழித்திருக்கும்போதே கனவு வருகிறது. விடியலில் கடல் பக்கமிருந்து பனி தெருவுக்குள் மெல்ல நுழையும். அந்தப் பனியில் முதலில் ஒரு கூடை தெரியும், பிறகு அதன் கீழே ராயபுரத்து மீன்காரி. கழுத்தில் ஜெபமாலை, வாயில் வெற்றிலை. கூடை மொத்தத்தையும் என்னிடமே கவிழ்த்துவிட்டுப் போவாள். வேறொருத்தியிடம் மீன் வாங்கினால் அது துரோகம் என்றே நானும் இருந்தேன்.

ஒரு ஐப்பசியில் அவள் காய்ச்சலில் படுத்தாள். மத்தியானம் மீன்குழம்பு இல்லை. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் முனகினார்கள். மறுநாள் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். கடை போனால் என் பிழைப்பே போச்சு! எண்ணூர் கழிமுகத்து மீன்காரி ஒருத்தியைப் பிடித்தேன். அவள் மடவைதான் கடையைக் காப்பாற்றியது.

ராயபுரத்துக்காரி தேறி வந்த பிறகும் எண்ணூர்க்காரியை நிறுத்தவில்லை. ஒரே கூடையை நம்பி மறுபடி முழிக்க நான் என்ன பைத்தியமா? ஆனால் ராயபுரத்துக்காரியிடம் சொல்ல வாய் வரவில்லை. எண்ணூர்க்காரியைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னேன். சொந்தக் கடைக்குத் திருட்டுத்தனமாய் மீன் வாங்கிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் இருவரும் கொல்லைக் கிணற்றடியில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். சண்டையை விலக்க நான் ஓடினேன். அவர்களோ சிரித்தார்கள்.

"இன்னாமே, நீயும் இங்கதான் வந்துகினு கீறியா?" என்றாள் ராயபுரத்துக்காரி. பிறகு என்னிடம், "கடலு பொங்கின நாள்ல உனுக்கு ஏது மீனுன்னு நெனச்சக்கா? இவகிட்டதான் வாங்கினு வந்தேன்."

அடிப்பாவி! ராயபுரத்துப் படகு மீன் என்று நான் பெருமையடித்ததெல்லாம் இந்த மடவையா!

சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்ப நடுவுல நான் இன்னாத்துக்கு?"

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "கூடையை எறக்குடி. கடல் மீனு நீ கொண்டா, கழிமுகத்து மீனு அவ கொண்டாரட்டும். ஒருத்தி படுத்தா இன்னொருத்தி இருக்கணும். ரெண்டு பேரும் முன்வாசல் வழியாவே வாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்ணூர்க்காரிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உனுக்கு நாங்க ரெண்டு பேரு கீறோம்க்கா. எங்களுக்கு நீ ஒர்த்திதான். நீ படுத்துக்காதே."