மீனின் நடுத்துண்டு

குவைத்தில் நான் வேலைக்கு நின்ற வீட்டில் காலையில் குசினியில் எட்டு முட்டை உடைக்க வேண்டும். வெள்ளைக் கருவை மட்டும் பொரித்து, பாரம் தூக்கிப் பழகும் அந்த வீட்டு மூத்த மகனுக்கு வைக்க வேண்டும். மஞ்சள் கரு குப்பைக்கு. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஒரு முட்டையை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தவள் நான். கொட்ட மனம் வராமல் மஞ்சள் கருவை நானே தின்றேன். ஏன் எறிகிறீர்கள் என்று ஒருநாள் அவரிடம் கைச்சாடையால் கேட்டேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டி, புஜத்தை முறுக்கிக் காட்டி, "புரூத்தீன், புரூத்தீன்" என்றார். வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

அரபு கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் அவர் சொன்னது புரதத்தை என்று விளங்கியது. பாரம் தூக்கும்போது சதை நைந்துபோகும். முட்டை, மீன், இறைச்சி, பருப்பு என்று தின்று, நன்றாக உறங்கினால் முன்னையிலும் பலமாக ஊறும். தீன் போதாமல் வேலை மட்டும் செய்தால் உடம்பு தன் சதையையே கரைக்கும். அன்று எனக்கு ஊர் நினைவு வந்தது. என் மாப்பிள்ளை, என் பிள்ளைகளின் வாப்பா, கடற்கரையில் நின்று கரைவலைக் கயிறு இழுப்பவர். நான் ஊரில் இருக்கும்போதே ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவர் தோள் வற்றத் தொடங்கியிருந்தது. பத்தியம் என்று மாதக்கணக்காக மீனை விலக்கிக் கஞ்சி ஊற்றியவள் நான்தான். அந்தக் கஞ்சியோடுதான் அவர் கயிறு இழுத்தார். பலம் போனவரை எந்த வலைக்காரர் வேலைக்கு வைத்திருப்பார்?

கசட் நாடாவில் பேசிப் பதிந்து ஊருக்கு அனுப்பினேன். "மச்சான், மீன்ட நடுத்துண்ட நீங்க தின்னுங்க. புள்ளையளுக்குக் குடுத்திட்டு வெறும் ஆணத்தச் சோத்துல ஊத்தித் தின்னுட்டு எழும்பாதீங்க."

அவருடைய கசட் வந்தது. "ஓம் புள்ள, ரெண்டு துண்டு தின்றன். கடக்கரையில என்னைப் பயில்வான் எண்டுதான் கூப்பிடுறானுகள்."

இரண்டு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி, கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கினேன். அவர் என் பெட்டியைத் தூக்கப் பார்த்தார். அது நிலத்தை விட்டு எழும்பவில்லை.

"உம்மா, மீன்ட நடுத்துண்டு எப்பவும் எங்களுக்குத்தான். வாப்பாக்குப் பல்லு நோவுதாம்" என்றாள் அவரோடு வந்திருந்த மகள்.

"இவள்ட கதையக் கேட்காத" என்று அவர் சிரித்தார். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. வலைக்குப் போவதை விட்டு நான்கு மாதம் என்று பிறகுதான் சொன்னார்.

ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, பெட்டியை நான் ஒரு கையால் தூக்கினேன். சுலபமாக வந்தது. பிறர் வீட்டுத் தீனும் பிறர் வீட்டு வாளிகளும் சேர்ந்து வளர்த்த கை அது. வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களுக்கு இது விளங்கும். அவர் வெறுங்கையோடு பின்னால் வந்தார். முக்காட்டை இறக்கிப் புஜத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகும் எங்கள் ஒழுங்கைக்குள் நடந்தேன். நான் ஊருக்கு வந்துவிட்டேன்; அந்தக் கை மட்டும் இன்னும் அந்தக் குவைத் வீட்டை விட்டு வரவில்லை.