நர்ஸ் என்றே போட்டுவிடும்

எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாண அட்டையைக் கையில் வாங்குகிறவர்கள் தேதியைப் பார்ப்பதற்கு முன் பட்டத்தைத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து, பெண் பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து, இரண்டும் ஈடாக இருக்கிறதா என்று கண்ணாலேயே எடை போட்டுவிடுவார்கள். கல்லறைக் கல்லில் கூட பி.ஏ., பி.டி. என்று வெட்டி வைக்கிற சனம் நாங்கள். பாளையங்கோட்டையில் அச்சகம் வைத்து அந்தப் பட்டங்களை அடித்துக் கொடுத்தே பிழைக்கிற நான் இதைப் பழிக்கக் கூடாதுதான். ஆனால் ஹெப்சிபா விஷயத்தில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஹெப்சிபா எங்கள் சபைப் பெண். அவள் அம்மா லில்லி தையல் மிஷினை மிதித்தே மகளை ஆளாக்கியவள். பிளஸ் டூ முடித்ததும் ஆளாளுக்கு நர்ஸிங் சேரச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. விபத்து மற்றும் அவசர சிகிச்சை என்ற பட்டப்படிப்பில் போய்ச் சேர்ந்தாள். மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. நர்ஸிங்குக்கும் நாலு வருஷம்தான். அந்த நாலு வருஷத்துக்கு ஊரில் மரியாதை, இந்த நாலு வருஷத்துக்கு, "அப்பிடி ஒரு படிப்பு இருக்கா?" என்ற கேள்வி. இப்போது ராதாபுரம் பக்கம் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறாள்.

இதில் இன்னொரு கொடுமை என்னவென்றால், அவளைக் கூப்பிட ஒரு சொல் கிடையாது. டாக்டரை ஐயா என்கிறோம், நர்ஸை சிஸ்டர் என்கிறோம், வண்டி ஓட்டுகிறவரை டிரைவர் அண்ணாச்சி என்கிறோம். ரோட்டில் ரத்தம் வழியக் கிடக்கிறவன் பக்கத்தில் முதலில் முழங்கால் போட்டு உட்காருகிறவளை என்னவென்று கூப்பிடுவது? "ஏம்மா" என்கிறார்கள். இல்லாவிட்டால் "வண்டியில வந்த பொண்ணு".

ஒரு தடவை ராதாபுரத்துக்குத் தெற்கே பனையிலிருந்து ஒருவர் விழுந்துவிட்டார். கழுத்து அசையாமல் பட்டை கட்டி, பலகையில் வைத்து இறுக்கி, வழியெல்லாம் மூச்சைக் கவனித்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறாள். அங்கிருந்த டாக்டர் நேரே டிரைவர் காஜா முகைதீனிடம் போய், "என்ன கேஸ்?" என்று கேட்டாராம். காஜா, "அவங்ககிட்ட கேளுங்க சார், அவங்கதான் பாத்தாங்க" என்றிருக்கிறார். டாக்டர் இவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்கல்லாம் வெளிய நில்லுங்க" என்றாராம். சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறாள் ஐயா! பனையேறிக்கு மகள் என்று நினைத்துவிட்டார் போல. ஹெப்சிபா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேட்ட எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஹெப்ரான், பேங்கில் வேலை. அவன் அப்பா தேவசிகாமணி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்கு ஓர் அட்டை, மாப்பிள்ளை வீட்டுக்கு ஓர் அட்டை. இரண்டும் என் அச்சகத்துக்கே வந்தன. முதலில் ஹெப்சிபா வந்தாள். அவள் பட்டத்தை முழுசாகப் போட்டால் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. கொஞ்சம் சுருக்கலாமே என்றேன்.

"நாலு வருசம் படிக்கும்போது யாரும் சுருக்கித் தரலியே அண்ணாச்சி. ரெண்டு வரியாப் போடுங்க" என்றாள்.

போட்டேன். இரண்டு நாள் கழித்து தேவசிகாமணி சார் வந்தார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. பெண் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி., நர்ஸிங்.

"சார், தப்பா எழுதிட்டிய. புள்ள நர்ஸிங் படிக்கலையே" என்றேன்.

"தெரியும்வே. நர்ஸ் என்றே போட்டுவிடும்" என்றார், பள்ளிக்கூடத்துத் தமிழிலேயே. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அட்டையப் பாத்துட்டு இது என்ன படிப்புன்னு கேப்பாவ. ஆம்புலன்ஸுன்னு சொல்லவா? கல்யாணப் பேச்சுல ஆம்புலன்ஸ் நல்லாவா இருக்கு? நர்ஸுன்னா கௌரவம். நாளைக்கு வெளிநாட்டுக்குப் போனாலும் போவா."

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்திய மனுஷன்! அடிக்க முடியாது என்று சொல்லி அவர் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டவுணில் வேறு அச்சகம் இல்லையா என்று கோபமாகப் போனார். அன்றைக்கே ஹெப்சிபாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

அவள் ஹெப்ரானிடம் கேட்டிருக்கிறாள். "அப்பாவுக்கு ஒரு ஆசை, ஒரு வார்த்தைதான" என்று இழுத்திருக்கிறான். "உள்ளதப் போட்டாத்தான் கல்யாணம்" என்று இவள் முடிவாகச் சொன்ன பிறகு, சரி, மாற்றிவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தான். அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். ஆராதனைக்குப் பிறகு லில்லி வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு.

கோயிலுக்குள் நுழையும்போதே எங்கள் சபை எப்சி டீச்சர் ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, நர்ஸு படிச்சிருக்கேன்னு எங்ககிட்ட சொல்லவேயில்லையே! மாப்பிள்ள வீட்டு அட்டை நேத்து வந்துச்சு. இத்தன நாளும் ஏதோ வண்டியில போறேன்னுல்லா நெனச்சோம்." டீச்சர் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஹெப்சிபாவின் முகம் செத்துப் போனது. திரும்பி ஹெப்ரானைப் பார்த்தாள். அவன் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு முன் வரிசையில்தான் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். லில்லி தாழ்ந்த குரலில் கெஞ்சுவது கேட்டது. "ஒரு வார்த்தைக்காவக் கல்யாணத்தக் கெடுத்துராத மக்கா. பேரு எதுவா இருந்தா என்ன? நாலு பேருக்குச் சொல்லியாச்சு." லில்லியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எத்தனை ரவிக்கை தைத்துச் சேர்த்த கல்யாணம் அது!

குருவானவர் அறிவிப்பை வாசித்தார். இது மூன்றாம் முறை, தடை உண்டா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தாளை எடுத்தார்.

"தடை இருக்கு ஐயா."

கோயில் மொத்தமும் திரும்பியது. கல்யாணப் பெண்ணே எழுந்து நிற்கிறாள். குருவானவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா தடை?" என்றார்.

"அட்டையில போட்டிருக்க பொண்ணு நர்ஸு. அது நானில்ல ஐயா. நான் படிச்சது வேற. அத வெளிய சொல்ல அவங்களுக்கு வெக்கமா இருக்கு. நர்ஸுங்க அவங்க படிப்புக்குக் கஷ்டப்பட்டாங்க, அத நான் எடுத்துக்கக் கூடாது. என் படிப்ப நான் விடவும் மாட்டேன்."

தேவசிகாமணி சார் எழுந்துவிட்டார். "ஆம்புலன்ஸ்ல போறவளுக்கு இம்புட்டுத் திமிரா? வேற பொண்ணு கிடைக்காதுன்னு நெனச்சியா?" கோயில் என்றும் பார்க்காமல் கத்தினார். ஹெப்ரான் பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. பின்னால் இருந்து யாரோ ஒருவர், "உக்காரு புள்ள, ஒரு எழுத்துக்குப் போயி" என்றார். ஒரு எழுத்தாம்! உங்கள் பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்தில் ஒன்று குறைந்து போனாலும் என் அச்சகத்துக்கு வந்து குதிப்பீர்களே, அது என்ன எழுத்து என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்தது.

அதற்குள் லில்லி எழுந்தாள். மகளைப் பிடித்து உட்கார வைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஐயா, பெத்தவ சொல்லுதேன். எனக்கும் தடை இருக்கு."